ராத்திரி இரண்டு மணிக்குக் கைக்கு அடங்கும் உடுப்பு எது?

போன மாதம் கைக்குழந்தைகளின் தூக்கத்தைப் பற்றி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே கேள்விதான்: ராத்திரியில் டயப்பர் மாற்றினால் குழந்தை முழித்துக்கொள்கிறதே, என்ன உடுப்புப் போட்டுப் படுக்க வைப்பது? அதனால் இந்த மாதம் பக்கம் முழுக்க அதற்கே ஒதுக்கிவிட்டேன். புதிதாகப் படிப்பவர்களுக்காக ஒரு வரி: நான் பச்சிளம் குழந்தைகள் வார்டில் பல வருஷம் நைட் டூட்டி பார்த்த நர்ஸ், இப்போது வீட்டில் பேத்தியைப் பார்த்துக்கொள்கிறேன். இரண்டு இடத்திலும் கை பழகியதைத்தான் சொல்கிறேன்.

சிஸ்டர், என் பையனுக்கு இரண்டு மாதம். கழுத்திலிருந்து பாதம் வரை மூடுகிற ஸ்லீப் சூட் ஆறேழு பரிசாக வந்திருக்கிறது. போட்டால் அவ்வளவு அழகு. ஆனால் ராத்திரி ஒவ்வொரு தடவையும் மேலிருந்து கீழே மொத்தமும் கழற்ற வேண்டியிருக்கிறது, அவன் வீரிட்டு அழுகிறான், திரும்பத் தூங்க வைக்க முக்கால் மணி நேரம் ஆகிறது. எந்த மாதிரி உடுப்பு வாங்கலாம்? (மதுரையிலிருந்து ஒரு வாசகி)

தங்கச்சி, டயப்பர் மாற்றுகிறீர்கள் என்பதற்காக அவன் அழவில்லை, மார்பும் வயிறும் திடீரென்று திறந்து காற்றுப் பட்டதால் அழுகிறான். இந்த வயசில் குழந்தைக்குத் தூக்கிவாரிப் போடுகிற ஓர் அனிச்சை உண்டு, கை இரண்டையும் விரித்து உதறி உடனே அழும், பார்த்திருப்பீர்கள். மோரோ அனிச்சை என்று டாக்டர்கள் சொல்வார்கள், நாலு மாதம், சில குழந்தைகளுக்கு ஆறு மாதம் வரைகூட இருக்கும். கையைச் சட்டையிலிருந்து உருவும்போதும் தலையைத் தூக்கி இறக்கும்போதும் அதுதான் கிளம்புகிறது. ஆகவே ராத்திரி உடுப்புக்கு நான் பார்ப்பது ஒரே ஒரு குணம்: கீழே திறக்க வேண்டும், மேலே மூடியே இருக்க வேண்டும். துணியின் படம், நிறம், விலை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கடையில் இதைச் சோதிக்க ஒரு நிமிஷம் போதும். உடுப்பை மேசையில் மல்லாத்தி விரித்து, மார்புப் பக்கம் ஒரு பட்டனைக்கூடத் தொடாமல், இடுப்புக்குக் கீழே மட்டும் ஒரு கையால் திறந்து பாருங்கள். ஒரு கை ஏனென்றால் வீட்டில் இன்னொரு கை குழந்தை மேல் இருக்கும். திறக்க வரவில்லையா, அது பகல் உடுப்பு. போட்டோ எடுக்கவும் கோயிலுக்குப் போகவும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது வகைகளைச் சொல்கிறேன். பிரஸ் பட்டன் வைத்த ஸ்லீப் சூட்டில் இரண்டு மாதிரி வரும். ஒன்று, பட்டன் வரிசை கழுத்தில் தொடங்கி ஒரே காலின் வழியாகப் பாதம் வரை இறங்கும். இதில் ஒரு கால் சுலபமாக வெளியே வரும், இன்னொரு காலை வளைத்து உருவ வேண்டும், அங்கேதான் குழந்தை முழிக்கும். இன்னொன்று, இரண்டு காலின் உள்பக்கமும் கணுக்காலிலிருந்து கணுக்கால் வரை வில் மாதிரி பட்டன் ஓடும், அதைத் திறந்தால் கீழ்ப்பாதி பாவாடை போல விரிந்துவிடும், சட்டையை வயிறு வரை சுருட்டி விட்டால் வேலை முடிந்தது. வாங்கினால் இந்த இரண்டாவது மாதிரி வாங்குங்கள். முதுகுப் பக்கம் பட்டன் இருப்பதைத் தொடவே தொடாதீர்கள். குழந்தை மல்லாந்துதான் தூங்க வேண்டும், பட்டன் முதுகில் உறுத்தும், திறக்க வேண்டுமென்றால் குப்புறத் திருப்ப வேண்டும்.

ஜிப் வைத்தது வேகம். ஆனால் கழுத்திலிருந்து மட்டும் இறங்குகிற ஜிப் என்றால் டயப்பரைத் தொட முழு உடம்பையும் திறந்தாக வேண்டும், அது உங்கள் கதையேதான். இரண்டு பக்கமும் ஓடுகிற ஜிப் இப்போது கிடைக்கிறது, பாதத்திலிருந்து மேலே திறக்கலாம், மார்பு மூடியே இருக்கும். வாங்கும்போது ஜிப்புக்கு உள்ளே அடித்துணி ஒரு பட்டையாக ஓடுகிறதா, தாடைக்குக் கீழே ஜிப்பின் முனையை மூட ஒரு சின்ன மடிப்பு இருக்கிறதா என்று விரலை விட்டுப் பாருங்கள். இல்லையென்றால் கழுத்துச் சதை மாட்டும். பட்டனா ஜிப்பா என்று கேட்டால், இரண்டு பக்கம் ஓடும் ஜிப்புக்குத்தான் என் ஓட்டு.

அப்புறம் கவுன். தோளிலிருந்து பை மாதிரி தொங்கி, அடியில் லேசான எலாஸ்டிக் வைத்தது. பட்டனும் கிடையாது, ஜிப்பும் கிடையாது. மேலே சுருட்டினால் டயப்பர், கீழே இழுத்தால் மூடிவிடும். முதல் இரண்டு மூன்று மாதத்துக்கு இதைவிடச் சுலபமான உடுப்பை நான் பார்த்ததில்லை. குழந்தை காலை உதைத்து உதைத்து அதை மார்பு வரை ஏற்றத் தொடங்கிவிட்டால் நிறுத்திவிட வேண்டும்.

மதுரை வெயிலுக்கு இதெல்லாம்கூட வேண்டாம் என்றுதான் முதலில் சொல்ல நினைத்தேன். ஃபேன் மட்டும் ஓடுகிற அறையில் சித்திரை வைகாசியில் முன்பக்கம் நாடா கட்டுகிற மல் துணி ஜபலாவும் டயப்பரும் போதும். குழந்தைக்குப் புழுங்குகிறதா குளிர்கிறதா என்று கையையும் பாதத்தையும் தொட்டுப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது, அவை எப்போதும் கொஞ்சம் சில்லென்றுதான் இருக்கும். பிடரியிலோ மார்பிலோ விரலை வையுங்கள், வியர்த்திருந்தால் ஓர் அடுக்கைக் குறையுங்கள். தூங்கும் குழந்தைக்கு உடம்பு அதிகமாகச் சூடேறுவது நல்லதில்லை, தூக்கத்தில் நேரும் திடீர் மரணத்துக்கு அதையும் ஒரு காரணியாகச் சொல்கிறார்கள், அதனால் குல்லாவும் வீட்டுக்குள் வேண்டாம்.

இன்னொன்று, உங்கள் கடிதத்தில் இல்லை, ஆனால் என் சந்தேகம் அங்கேதான் போகிறது. நீங்கள் போடுவது பேன்ட் டைப் டயப்பரா? நம் ஊர்க் கடைகளில் அதுதான் அடுக்கி வைத்திருக்கிறார்கள். கழற்றும்போது பக்கவாட்டில் கிழித்துவிடலாம், சரி. போடும்போது? இரண்டு காலையும் உடுப்பிலிருந்து முழுசாக வெளியே எடுத்து ஒவ்வொன்றாக நுழைக்க வேண்டும். எவ்வளவு நல்ல ஸ்லீப் சூட்டாக இருந்தாலும் அந்த இடத்தில் பிரயோஜனமில்லாமல் போய்விடும். ராத்திரிக்கு மட்டும் பக்கத்தில் ஒட்டுகிற டயப்பர் வாங்குங்கள். பழையதை அவிழ்க்கும் முன்பே புதியதை அடியில் விரித்து வைத்துவிடலாம், கால் உடுப்பைவிட்டு முழுசாக வெளியே வரவும் தேவையில்லை. உடுப்பை மாற்றுவதைவிட இது பாதி விலைத் தீர்வு.

பரிசாக வந்த ஆறேழையும் தூக்கிப் போட வேண்டாம். பிரஸ் பட்டன் வரிசையாகப் பதித்த டேப் தையல் சாமான் கடையில் மீட்டர் கணக்கில் கிடைக்கும். தெரிந்த டெய்லரிடம் கொடுத்து இரண்டு காலின் உள்தையலையும் பிரித்து அந்த டேப்பை வைத்துத் தைக்கச் சொல்லுங்கள். என் பேத்திக்கு வந்ததில் மூன்றை அப்படித்தான் மாற்றினோம், ஒரு வருஷம் உழைத்தது.

சிஸ்டர், மனைவிக்கு சிசேரியன், அதனால் ராத்திரி டயப்பர் வேலை முழுக்க என்னுடையது. இருட்டில் பட்டனை மாற்றி மாற்றிப் போட்டுவிடுகிறேன், கடைசியில் ஒரு பட்டன் மீந்து நிற்கிறது, திரும்ப அவிழ்த்தால் பாப்பா முழித்துவிடுகிறாள். லைட்டைப் போட்டுவிடலாமா? (சென்னையிலிருந்து ஒரு வாசகர்)

தம்பி, முதலில் உங்களுக்கு ஒரு நன்றி. வயிற்றில் தையலோடு குனிந்து நிமிர்வது எவ்வளவு வலி என்று தினமும் வார்டில் பார்த்தவள் நான்.

ட்யூப்லைட் வேண்டாம். ஜீரோ வாட்ஸ் பல்பு, மஞ்சளோ சிவப்போ, குழந்தையின் கண்ணுக்கு நேரே படாமல் தரைப் பக்கமாக இருக்கட்டும். வெள்ளை வெளிச்சமும் பேச்சும் அவளுக்குப் பொழுது விடிந்துவிட்டது என்று சொல்லும். கொஞ்சவே கொஞ்சாதீர்கள், காலையில் கொஞ்சிக்கொள்ளலாம்.

பட்டனுக்கு வழி: இரண்டு கால்கள் சேருகிற நடு இடத்தில் ஒரு ஜோடி பட்டன் இருக்கும். அந்த ஜோடியைச் சுற்றி மட்டும் பளிச்சென்று தெரிகிற நூலில் இரண்டு சுற்று தைத்துவிடுங்கள். ராத்திரி முதலில் அதைப் போடுங்கள். நடு சரியாக விழுந்துவிட்டால் அங்கிருந்து ஒவ்வொரு காலாக இறங்கும்போது தப்பு வராது. மேலிருந்தோ பாதத்திலிருந்தோ ஆரம்பித்தால்தான் கடைசியில் மீதி நிற்கும். அடுத்த முறை வாங்கும்போது, மேலே சொன்ன இரண்டு பக்கம் ஓடும் ஜிப் வாங்கிவிடுங்கள்.

டயப்பர் மாற்றும்போது இரண்டு கணுக்காலையும் பிடித்து இடுப்பு மேலே எழும்புகிற மாதிரி தூக்காதீர்கள், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். பக்கவாட்டில் மெதுவாக ஒரு கால்வாசி உருட்டி, டயப்பரைச் செருகி, திரும்ப உருட்டுங்கள். பால் குடித்த வயிறு அமுங்காது, கக்கவும் மாட்டாள். பெண் குழந்தை என்பதால் எப்போதும் முன்னாலிருந்து பின்னால்தான் துடைக்க வேண்டும், அரைத்தூக்கத்தில் கை தானாகப் போகிற அளவுக்குப் பகலிலேயே பழகிக்கொள்ளுங்கள்.

அம்மா, என் மகள் நிறைமாதம், இங்கே எங்கள் வீட்டில்தான் பிரசவம். சம்பந்தியம்மா கடை உடுப்பே வேண்டாம், பழைய வேட்டித் துணியும் லங்கோட்டும் போதும் என்கிறார்கள். மகள் முடியாது என்கிறாள். எனக்குத் தைக்கத் தெரியும். யார் சொல்வது சரி? என்ன தைத்து வைக்கலாம்? (கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி)

உங்கள் கடிதத்தைப் படித்ததும் மனசு நிறைந்துவிட்டது. சம்பந்தியம்மா சொல்வதில் பெரிய உண்மை இருக்கிறது. பிறந்த குழந்தைக்கு முதலில் பழைய துணிதான் என்று நம் வீடுகளில் வைத்தார்களே, அதற்குச் சடங்குக் காரணம் என்னவாக இருந்தாலும், நூறு தடவை துவைத்த வேட்டியில் கஞ்சியும் இல்லை, சாயமும் இல்லை, முரட்டுத்தனமும் இல்லை. புதுத் துணியில் இதெல்லாம் இருக்கும். அதனால் மகள் கடையில் என்ன வாங்கினாலும் ஒரு தடவை நன்றாக அலசிக் காய வைத்த பிறகே போட வேண்டும், இது இரண்டு பேருக்கும் பொது.

லங்கோட் விஷயம் வேறு. பகலில் லங்கோட் மாதிரி நல்ல பொருள் கிடையாது, காற்றுப் படும், புண் வராது. ஆனால் அது ஈரத்தைப் பிடித்து வைக்காது, உடனே விட்டுவிடும். குழந்தை ஒரு நாளைக்குப் பதினைந்து இருபது தடவைகூட மூத்திரம் போகும், அதில் ராத்திரிப் பங்கு கணிசம். ஒவ்வொரு தடவையும் லங்கோட், ஜபலா, விரிப்பு மூன்றும் நனையும். அந்தக் காலத்தில் பிள்ளை பெற்றவளோடு அம்மா, சித்தி, பாட்டி என்று மூன்று பேர் முறை வைத்து முழித்திருந்தார்கள். இப்போது உங்கள் வீட்டில் நீங்கள் ஒருத்தி. எனவே பகலுக்கு லங்கோட், ராத்திரிக்கு டயப்பர் என்று பேசி முடியுங்கள், இரண்டு பேர் சொல்வதும் நிற்கும்.

சரி, தைப்பதற்கு வருகிறேன். முன்பக்கம் ஒன்றன்மேல் ஒன்றாக வந்து விலாவில் முடிச்சுப் போடுகிற ஜபலா, எட்டோ பத்தோ தைத்து வையுங்கள். முதல் சில வாரத்துக்கு இதுதான் வேண்டும், ஏனென்றால் தொப்புள்கொடி விழ ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும், அதுவரை அந்த இடம் காற்றாட, உரசாமல், காய்ந்து இருக்க வேண்டும். தலைவழியே போடுகிற எதுவும் அப்போது தொல்லை. கையைத் தனியாக வெட்டி ஒட்ட வேண்டாம், உடம்போடு சேர்த்தே வெட்டிவிடுங்கள், அக்குளில் தையல் வராது. தையல் பிசிறெல்லாம் வெளிப்பக்கம் இருக்கட்டும், தோலில் படுகிற பக்கம் வழுவழுப்பாக இருக்க வேண்டும், பார்க்க எப்படி இருந்தாலும் பரவாயில்லை.

முக்கியமானது நீளம். டெய்லர்கள் ஜபலாவைத் தொடை வரை விடுகிறார்கள். ராத்திரிக்கு அது கூடாது. டயப்பரின் மேல் விளிம்பைத் தொட்டு நின்றால் போதும், அதற்குக் கீழே போகிற ஒவ்வொரு விரற்கடையும் நனையத்தான் போகிறது, நனைந்தால் டயப்பரோடு சட்டையையும் மாற்ற வேண்டும், கையை உருவ வேண்டும், குழந்தை முழிக்கும். நாடா ஒரு முடிச்சுக்குப் போதுமான அளவு குட்டையாக இருக்கட்டும், விலாவில் மட்டும் வையுங்கள், கழுத்தருகே நாடா வைக்காதீர்கள்.

டயப்பரின் முன்பக்க விளிம்பைத் தொப்புளுக்குக் கீழே வருகிற மாதிரி மடித்துவிடச் சொல்லுங்கள். அரைஞாண் கட்டுவீர்கள் என்று தெரியும். விரல் தாராளமாக நுழைகிற மாதிரி கட்டி, டயப்பரின் இடுப்பு எலாஸ்டிக்குக்கு அடியில் சிக்காமல் மேலே எடுத்து விடுங்கள். அடியில் சிக்கினால் ராத்திரி முழுக்க அழுத்தி, காலையில் வயிற்றில் வரிவரியாகப் பதிந்திருக்கும். கழுத்தில் கட்டுகிற கறுப்புக் கயிறு, செயின் எல்லாம் தூங்கும்போது கழற்றிவிட வேண்டும், இதில் மட்டும் யார் மனசு நோகும் என்று பார்க்காதீர்கள்.

குன்னூரில் இருக்கிறோம். டிசம்பர் ஜனவரியில் உடுப்பைத் திறந்தாலே குழந்தை நடுங்குகிறாள். ஸ்வெட்டர், பேன்ட், சாக்ஸ், மேலே கம்பளி என்று போர்த்துகிறோம், மாற்றும்போது எல்லாவற்றையும் கலைக்க வேண்டியிருக்கிறது. நாலு மாதம் ஆகிறது.

அடுக்கைக் குறைத்து, அடுக்கின் வகையை மாற்றுங்கள். உடம்போடு ஒட்டிய பருத்தி ஸ்லீப் சூட் ஒன்று, அதற்கு மேல் கை இல்லாத உறங்கும் பை ஒன்று. பை அடியில் ஜிப் திறக்கிற மாதிரி இருக்க வேண்டும். கீழே திறந்தால் இரண்டும் ஒரே இடத்தில் திறக்கும், மார்பும் கையும் கதகதப்பாகவே இருக்கும். கம்பளியை எடுத்துவிடுங்கள், ஒரு வயசு முடியும் வரை குழந்தையின் படுக்கையில் தளர்வான போர்வை எதுவும் கூடாது, உதைத்து முகத்துக்கு ஏற்றிக்கொள்ளும்.

உறங்கும் பையின் லேபிளில் டாக் என்று ஓர் எண் போட்டிருப்பார்கள், துணி எவ்வளவு சூட்டைப் பிடிக்கும் என்பதற்கான அளவு அது. அறை 16 முதல் 20 டிகிரி என்றால் 2.5 டாக், 20 முதல் 24 என்றால் 1 டாக், அதற்கு மேல் 0.5 போதும் என்பது பொதுவான கணக்கு. அறையில் ஒரு சின்ன வெப்பமானி மாட்டி வையுங்கள், ஊகத்துக்கு இடம் வேண்டாம். கனமான மணிகள் வைத்துத் தைத்த பைகளும் விற்கிறார்கள், அழுத்தினால் நன்றாகத் தூங்கும் என்று. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் சங்கம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் அவை வேண்டாம் என்றே சொல்லியிருக்கிறது.

பாதம் மூடிய உடுப்பு என்பதால் ஒரு பழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். போடும் முன் உட்புறத்தை வெளியே திருப்பி, பாதப் பகுதியில் நூலோ தலைமுடியோ இருக்கிறதா என்று பாருங்கள். பிரசவத்துக்கு அப்புறம் தாய்க்கு முடி கொத்துக் கொத்தாகக் கொட்டும், துவைக்கும்போது ஒரு முடி உள்ளே போய்க் குழந்தையின் கால்விரலைச் சுற்றி இறுக்கிவிடும். காரணம் தெரியாமல் அழுகிற குழந்தையின் சாக்ஸைக் கழற்றிப் பார்த்தால் ஒரு விரல் சிவந்து வீங்கியிருக்கும், அப்படிப் பார்த்தால் ஒரு நிமிஷமும் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

நாலு மாதம் என்கிறீர்கள், துணியில் கையோடு சேர்த்துச் சுற்றும் வழக்கம் இருந்தால் புரள முயற்சி தெரிந்த அன்றே விட்டுவிடுங்கள். சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களுக்கு மட்டும் ஒன்று: சுற்றியிருக்கும்போது மேல்பாதியை அவிழ்க்காமல் கீழ்ப்பாதியை மட்டும் பிரித்து டயப்பரை மாற்றலாம், வார்டில் நாங்கள் அப்படித்தான் செய்வோம். காலை நீட்டிக் கட்டாமல், தவளை மாதிரி மடங்கி விரிய இடம் விட்டுச் சுற்ற வேண்டும், இடுப்பு மூட்டுக்கு அதுதான் நல்லது.

தூங்குகிற குழந்தையை எழுப்பி டயப்பர் மாற்ற வேண்டுமா? மாற்றாவிட்டால் புண் வரும் என்று மாமியார் பயமுறுத்துகிறார்கள். (ஈரோடு)

மலம் போயிருந்தால் உடனே, எத்தனை மணியானாலும். மூத்திரம் மட்டும் என்றால், டயப்பர் தாங்குகிறது, தோல் நன்றாக இருக்கிறது என்றால் தூங்க விடுங்கள். ஏற்கெனவே சிவந்து போயிருந்தால் மாமியார் சொல்வதுதான் சரி, அடிக்கடி மாற்ற வேண்டும், ஜிங்க் ஆக்சைடு கிரீம் கெட்டியாகத் தடவ வேண்டும். சிவப்பைச் சுற்றிச் சின்னச் சின்னப் புள்ளிகள் பரவினால் அது பூஞ்சையாக இருக்கலாம், டாக்டரிடம் காட்டுங்கள். பவுடர் போடாதீர்கள், அந்தத் தூசி குழந்தையின் மூச்சில் போகும்.

எப்போது மாற்றுவது என்பதற்கு ஒரு கணக்கு. பால் குடித்ததும் குடல் அசையும், அதனால்தான் நிறைய குழந்தைகள் குடிக்கும்போதோ குடித்த உடனேயோ மலம் போகின்றன. முதலிலேயே மாற்றிவிட்டுப் பால் கொடுத்தால் இரண்டாவது தடவை மாற்ற வேண்டி வரும், குடித்துத் தூங்கிய பிறகு மாற்றினால் முழிக்கும். ஒரு பக்கம் குடித்து முடித்து அடுத்த பக்கம் மாற்றும் இடைவெளியில் மாற்றுங்கள், மறுபக்கம் குடித்துக்கொண்டே திரும்பத் தூங்கிவிடும்.

ராத்திரியில் ஒழுகினால் ஒரு சைஸ் பெரிய டயப்பர் போட்டுப் பாருங்கள். தொடையைச் சுற்றி இருக்கிற மடிப்பு உள்ளே மடங்கிக் கிடந்தால் எந்த டயப்பரும் ஒழுகும், விரலை விட்டு வெளியே எடுத்து விடுங்கள். ஆண் குழந்தையாக இருந்தால் குறியைக் கீழ்நோக்கி விட்டு மூட வேண்டும், மேல்நோக்கி இருந்தால் நேராக வயிற்றுக்கும் சட்டைக்கும்தான் போகும். துணி டயப்பர் போடுகிறவர்கள் துவைக்கும்போது வாசனைக் கண்டிஷனர் ஊற்றாதீர்கள், ஈரம் உறிஞ்சுகிற சக்தி போய்விடும்.

மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். பேரனுக்கு எட்டு மாதம். திருப்பூர் பனியன் துணியில் ராத்திரி உடுப்பு நிறைய எடுத்துப் போகிறேன், வளர்கிற பிள்ளை என்று இரண்டு சைஸ் பெரிதாக. அங்கே உடுப்பில் மஞ்சள் அட்டை தொங்கும், அது இல்லாததைப் போடக்கூடாது என்கிறாள் மகள். உண்மையா? (கோவை)

அந்த அட்டையில் இருக்கும் விஷயம் தீ. அமெரிக்காவில் 9 மாதத்துக்கு மேற்பட்ட சைஸில் விற்கிற ராத்திரி உடுப்பு, ஒன்று, தீப்பற்றுவதைத் தாங்குகிற துணியாக இருக்க வேண்டும், இல்லையென்றால் உடம்போடு ஒட்டி நிற்க வேண்டும். தொளதொளவென்று இருக்கிற பருத்தி எளிதில் தீப்பிடிக்கும், உடம்போடு ஒட்டினால் காற்றுக்கு இடமில்லை. ஒட்டிப் போடுகிற பருத்தி உடுப்புக்கு 1996-லிருந்து அனுமதி இருக்கிறது, அதைச் சொல்லத்தான் மஞ்சள் அட்டை. 9 மாதமும் அதற்குக் கீழும் உள்ள சைஸுக்கு இந்த விதி கிடையாது. சட்டம் தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும்தான், பாட்டி பெட்டியில் கொண்டுபோகும் உடுப்புக்கு இல்லை.

ஆனால் காரணம் உங்கள் பேரனுக்கும் பொருந்தும். ரெண்டு சைஸ் பெரிசாக எடுக்கிற நம் பழக்கத்தை ராத்திரி உடுப்பில் மட்டும் விட்டுவிடுங்கள். தொளதொளப்பான உடுப்பு கழுத்திலிருந்து முகத்துக்கு ஏறும், டயப்பர் மாற்றும்போது மடிப்பு மடிப்பாகச் சிக்கும். இப்போதைய சைஸில் நாலு, அடுத்த சைஸில் நாலு, இன்டர்லாக் துணியில், ஒட்டி நிற்கிற மாதிரி எடுங்கள். ரிப் துணியும் நல்லது, நன்றாக இழுபடும். அங்கே அறையில் ஹீட்டர் ஓடும், அதனால் வெளிக் குளிரைப் பார்த்து உடுத்தாமல், அறையின் டிகிரியைப் பார்த்து உடுத்துங்கள்.

பத்து மாதம், படுக்க வைத்தால் அரை வினாடியில் புரண்டு தவழ்ந்து ஓடுகிறான். ஜிப், பட்டன் எதற்கும் நிற்கவில்லை. (பட்டுக்கோட்டை)

அவனுக்கு அந்த உடுப்புகளின் காலம் முடிந்துவிட்டது. மேலே பனியன், கீழே எலாஸ்டிக் பேன்ட் என்று இரண்டாகப் பிரித்துவிடுங்கள், பேன்ட் டைப் டயப்பருக்கு வேலை வருவது இந்த வயசில்தான். மதுரைத் தங்கச்சியிடம் வேண்டாம் என்றதையே உங்களிடம் வாங்குங்கள் என்கிறேன், ஏனென்றால் இவன் நிற்கிறபோது மாற்றிவிடலாம். கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்க விடுங்கள், பக்கத்தைக் கிழித்துப் பழையதை எடுங்கள், ஒவ்வொரு காலாக நுழைத்து இழுத்து விடுங்கள். பெரும்பாலான பிள்ளைகள் இந்த வயசில் ராத்திரி மலம் போவதில்லை, அதனால் தூங்கப் போகும் முன் புதியது ஒன்று போட்டால் விடியும் வரை தாங்கும். கட்டிலில் வைத்து மாற்றுகிறபோது ஒரு கை எப்போதும் அவன் மேல் இருக்கட்டும். எதை எடுக்கத் திரும்பினாலும் அவனையும் தூக்கிக்கொண்டே திரும்புங்கள், இல்லையென்றால் தரையில் பாய் விரித்து அங்கேயே மாற்றுங்கள்.